முதியோர் இல்லத்தின் தரத்தை அளப்பது எப்படி?

என் தாயாருக்கு ஓர் இல்லம் தேடியபோது பளிங்குத் தரையையும் தோட்டத்தையும் பார்த்தே திருப்தியடைந்தேன். மூன்றாம் மாதம் அவர் இடுப்பின்கீழ் படுக்கைப்புண்ணைக் கண்டேன். அதன் பிறகே இதைப் பற்றிப் படிக்கலானேன்.

மருத்துவப் பணியின் தரத்தை மூன்று கோணங்களில் பார்க்கலாம் என்று அமெரிக்க அறிஞர் அவேடிஸ் டோனபீடியன் 1966-இல் எழுதினார்.

அமைப்பு: கட்டடம், கருவிகள், செவிலியர் எண்ணிக்கை.
செயல்: படுத்த படுக்கையாயிருப்பவரை நேரம் தவறாமல் புரட்டிப் படுக்க வைக்கிறார்களா?
விளைவு: புண் வந்ததா, கீழே விழுந்தாரா, எடை குறைந்ததா?

நான் பார்த்தது முதலாவதை மட்டுமே. அதிலும் செவிலியரை எண்ணவில்லை!

விளைவையும் நிதானித்தே எடைபோட வேண்டும். நோய் முற்றியவர்களை ஏற்கும் இல்லத்தில் புண்கள் அதிகமாகத் தெரியலாம். ஆகவே, சேரும்போதே இருந்த புண்ணையும் சேர்ந்தபின் உண்டானதையும் பிரித்துக் கணக்கிடுவதே நியாயம். அமெரிக்காவில் 2008 முதல் இல்லங்களுக்கு ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பீடு தருகிறார்கள். அதற்கு நேரடிச் சோதனை, செவிலியர் எண்ணிக்கை, விளைவுகள் மூன்றையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வந்திருக்கும் அன்பர்கள் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: இரவில் ஒரு செவிலிக்கு எத்தனை பேர்? புரட்டிய நேரத்தைக் குறிக்கும் ஏடு எங்கே? இங்கு வந்தபின் எத்தனை பேருக்குப் புண் வந்தது?

தோட்டத்தைப் பிறகு பார்க்கலாம்.