படத்துக்குக் கீழே எழுது

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் தளத்தை நிதானமாகப் பார்த்தேன். கூந்தன்குளம் சரணாலயத்தில் நீ எடுத்த வரித்தலை வாத்துகளின் படம் கண்ணிலேயே நிற்கிறது. இப்படிப்பட்ட படங்களை வைத்துக்கொண்டு, ‘கூகுளில் தேடினால் என் தளம் வருவதே இல்லை அண்ணா’ என்று நீ எழுதியிருந்தது வருத்தமாக இருந்தது. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. உன் தளத்தில் எழுத்து என்று இருப்பவை உன் பெயர், ‘கேலரி’, ‘தொடர்புக்கு’, அவ்வளவுதான். மற்றதெல்லாம் படம்.

எழுதினால் படத்தின் அழகு கெட்டுவிடும் என்று நினைக்கும் புகைப்படக்காரர்கள் நிறையப் பேர். கண்காட்சிச் சுவரில் அந்த நினைப்பு சரி. இணையத்திலோ, அந்தச் சுவர்வரை ஆள் வந்து சேர்வதே எழுத்தைப் பிடித்துக்கொண்டுதான். படம் இருக்கும் பக்கத்தின் தலைப்பு, படத்தையொட்டிய வரிகள், கோப்பின் பெயர், படத்துக்கு மாற்றாக எழுதும் ஆல்ட் டெக்ஸ்ட் ஆகியவற்றைக் கொண்டுதான் பெரும்பாலும் கூகுள் ஒரு படத்தைப் புரிந்துகொள்கிறது. படத்துக்குள் என்ன இருக்கிறது என்பதையும் இப்போது அது ஓரளவு கண்டுபிடிக்கிறது. வாத்து என்று சொல்லிவிடும். எந்த ஊர்க் குளம், எந்த மாதம், அந்தக் கூட்டம் ஏன் சட்டென்று ஒரே பக்கம் திரும்பியது என்பதெல்லாம் அங்கே நின்றிருந்த உனக்குத்தான் தெரியும். நீ எழுதாவிட்டால் அது எங்கேயும் இல்லை.

அந்த ஒரு படத்தையே எடுத்துக்கொள். அதன் கோப்புக்கு கேமரா வைத்த பெயர் ‘டிஎஸ்சி 4817’. இனிமேல் ஏற்றும் படங்களுக்கு ஊர், பறவை இரண்டையும் ஆங்கில எழுத்தில், சொற்களுக்கு நடுவே சிறு கோடு போட்டுப் பெயர் வை. ஏற்கெனவே ஏற்றியவற்றை இதற்காக மாற்ற வேண்டாம். பெயர் மாறினால் படத்தின் முகவரியும் மாறும். கூகுள் மறுபடி முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். கிடைக்கும் பலன் அந்த வேலைக்கு ஈடாகாது.

ஆல்ட் டெக்ஸ்ட்டில்தான் உன் கவனம் முழுதும் வேண்டும். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் படத்துக்குப் பதிலாக வாசித்துச் சொல்வது அந்த வரியைத்தான். உன் படத்துக்கு அங்கே ‘பறவை’ என்று மட்டும் இருக்கிறது. வேறு சில தளங்களில் ‘பறவை போட்டோ, சிறந்த பறவை போட்டோ, திருநெல்வேலி பறவை போட்டோகிராபர்’ என்று அடுக்கியிருப்பார்கள். காதால் கேட்பவருக்கு அது தொல்லை, கூகுளும் அதை மதிப்பதில்லை. ‘கூந்தன்குளத்தில் காலை வெயிலில் நீந்தும் வரித்தலை வாத்துக் கூட்டம். வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள்.’ இப்படி எழுது. கண் தெரியாத ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படத்தை விவரிப்பதாக நினைத்துக்கொண்டு எழுதினால், தேடுபொறிக்கு வேண்டியதும் அதிலேயே வந்துவிடும்.

படத்துக்குக் கீழே வரும் குறிப்பு வேறு. அதில் பார்வையுள்ளவருக்கும் படத்தில் தெரியாததைச் சொல். மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வரும் பறவை அது என்பதை எழுது. அன்று நீ எந்தக் கரையில் நின்றாய், வெளிச்சம் எப்படி இருந்தது, ஊர்க்காரர்கள் அந்தப் பறவைகளைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதையும் எழுது. நான்கைந்து வரி போதும். பறவையின் பெயரை மக்கள் தேடும் விதங்களிலெல்லாம் ஒருமுறையாவது சொல்லிவிடு. கூழைக்கடா என்று தேடுபவரும் உண்டு, பெலிக்கன் என்று தேடும் பள்ளிப்பிள்ளையும் உண்டு. தமிழிலும் எழுது, ஆங்கிலத்திலும் எழுது, தனித்தனிப் பக்கங்களாக. நம் பறவைகளைப் பற்றித் தமிழில் தேடுபவருக்கு, நேரில் பார்த்து ஒருவர் எழுதிய பக்கம் அரிதாகத்தான் அகப்படுகிறது. அந்த இடத்தை நீ நிரப்ப வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்து, எல்லாப் படங்களையும் ஒரே கேலரியில் கொட்டி வைத்திருக்கிறாய். கூந்தன்குளம், வேட்டங்குடி, வேடந்தாங்கல் என்று ஒவ்வோர் ஊருக்கும் தனிப் பக்கம், தனி முகவரி, தனித் தலைப்பு கொடு. பிரவுசரின் மேல்பட்டையில் இப்போது ‘ஹோம்’ என்று வருகிறது. உலகத்தில் யாரும் ‘ஹோம்’ என்று தேடி உன்னிடம் வரப்போவதில்லை. ‘கூந்தன்குளம் பறவைகள்: புகைப்படங்கள்’ என்று போட்டு, பக்கத்தில் உன் பெயரைச் சேர்.

படங்களின் எடையும் இடிக்கிறது. 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000க்கு 4000 பிக்சல். கோப்பு சுலபமாக 10 எம்.பி.யைத் தொடும். அப்படியே ஏற்றினால், பேருந்தில் உட்கார்ந்து போனில் பார்ப்பவர் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். நீளமான பக்கம் 2000 பிக்சலாகக் குறைத்து, வெப்பி அல்லது 80 தரத்தில் ஜேபெக் ஆக ஏற்றுமதி செய். சில நூறு கே.பி.யில் அடங்கிவிடும். பக்கத்தின் பெரிய படம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற அதன் இலவசப் பக்கத்தில் உன் முகவரியைக் கொடுத்துச் சோதித்துக்கொள்.

டெம்ப்ளேட்டையும் சந்தேகப்படு. சில அழகான டெம்ப்ளேட்டுகள் படங்களை சிஎஸ்எஸ் பின்னணியாக வைக்கின்றன; அப்படி வைத்த படத்தை கூகுள் தன் பட்டியலில் சேர்ப்பதில்லை. இன்னும் சில, ‘மேலும் காட்டு’ என்ற பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த படங்களைக் கொண்டுவரும். கூகுளின் ரோபோ பொத்தானை அழுத்தாது. கூகுளின் சர்ச் கன்சோலில் உன் தளத்தைப் பதிந்துகொள், காசு கிடையாது. தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப்பை அங்கே கொடு. பிறகு யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் ஒரு பக்கத்தின் முகவரியைப் போட்டுப் பார்த்தால், கூகுள் கண்ட பக்கம் அப்படியே தெரியும். படங்கள் அதில் இல்லையென்றால் டெம்ப்ளேட்டை மாற்றத் தயங்காதே. எந்தச் சொற்களைத் தேடி மக்கள் உன்னிடம் வருகிறார்கள் என்பதும் சர்ச் கன்சோலிலேயே தெரியும். அதைப் பார்த்துத்தான் அடுத்த பக்கத்தை எழுத வேண்டும். பலன் தெரிய மாதக் கணக்கில் ஆகலாம். தினமும் திறந்து பார்த்து மனம் சோராதே.

‘ஒரே மாதத்தில் முதலிடம்’ என்று போன் செய்பவர்களுக்குப் பணம் கொடுக்காதே. அப்படி உறுதி தர யாராலும் முடியாது. கூகுளே அதைச் சொல்லியிருக்கிறது. கீவேர்ட்ஸ் மெட்டா டேக்கை நிரப்பித் தருகிறேன் என்பார்கள். தேடல் வரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று 2009இலேயே கூகுள் அறிவித்துவிட்டது. காசுக்கு இணைப்பு வாங்குவது அதைவிட மோசம். 1998இல் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோதே, ஒரு தளத்துக்குப் பிறர் கொடுக்கும் இணைப்பை மதிப்பின் அடையாளமாகத்தான் எண்ணினார்கள். அந்த இணைப்பு உனக்குக் காசில்லாமல் வரும் வழி உண்டு. உன் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடு. யாராவது எடுத்துப் போட்டிருந்தால், பெயரும் இணைப்பும் தரும்படி மரியாதையாக எழுது. ஏற்றுமதி செய்யும்போது, படக் கோப்புக்குள்ளேயே சேரும் ஐபிடிசி தகவலில் உன் பெயர், காப்புரிமை, உரிம முகவரி மூன்றையும் நிரப்பிவிடு. உரிம முகவரி இருந்தால், 2020 முதல் கூகுள் இமேஜஸ் அந்தப் படத்தில் உரிமம் பெறலாம் என்ற அடையாளத்தைக் காட்டுகிறது.

இதோடு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கேமராவோ போனோ படத்துக்குள் ஜிபிஎஸ் இடத்தைப் பதிந்து வைத்திருக்கலாம். ஏற்றுமதியில் அதை நீக்கு. கூந்தன்குளம் எல்லோரும் அறிந்த சரணாலயம், ஊர்ப் பெயரைச் சொல்வதில் தவறில்லை. ஆனால் ஆந்தையோ கழுகோ கூடு கட்டியிருக்கும் மரம் எங்கே என்று குறிப்பிலும் எழுதாதே, படத்துக்குள்ளும் விட்டுவைக்காதே. கூட்டைத் தேடிக் கூட்டம் வந்தால் தாய்ப்பறவை முட்டையை விட்டுவிட்டே போய்விடக்கூடும். எத்தனை பேர் தேடி வந்தாலும் அந்தத் தேடலுக்கு நீ பதில் சொல்லக் கூடாது.

கூந்தன்குளம் பக்கத்தை மட்டும் முதலில் செய். உன்னிடம் இருப்பவற்றில் நல்ல படங்களாகப் பத்தைப் பொறுக்கு. ஒவ்வொன்றுக்கும் குறிப்பும் ஆல்ட் டெக்ஸ்ட்டும் எழுதி எனக்கு அனுப்பு. ஏற்றுவதற்கு முன் பிழை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்