எதிரணி இல்லாத ஊர்கள்

கேள்வி: அமெரிக்கச் சிற்றூர்களில் பள்ளி ஃபுட்பால் பார்க்க ஊரே திரள்கிறதாம். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பள்ளிகளுக்கு ஏன் அப்படிக் கூட்டம் சேர்வதில்லை? (ஆவடி வாசகர்)

பதில்: ஆண்டுதோறும் மோத ஒரே எதிரணி இல்லாததால்தான் என்பேன். யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். ஆட்டம் என்னவோ கிரிக்கெட், ஆனால் யாழ். மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் ‘வடக்கின் பெரும் போர்’ அது. மூன்று நாளும் பேண்டு, கொடி, கூச்சல். வெளிநாட்டிலிருந்து லீவு போட்டு வரும் பழைய மாணவர்கள் வேறு. ஆட்டம் சுமாராக இருந்தால் யாருக்கென்ன? போன வருஷத்துக் கணக்கு தீரவேண்டும், அவ்வளவுதான்.

‘நமக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தானே பெரிது’ என்பீர்கள். படிப்பு வெறியில் யாழ்ப்பாணம் நமக்கு இளைத்ததல்ல. கால்பந்துக்கு ஆளில்லை என்பதும் நிற்காது: 2023 டுராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் வெற்றி கோலை அடித்த நந்தகுமார் சேகர் வியாசர்பாடிக்காரர். அந்தப் பெருமையைப் பேட்டை கொண்டாடுகிறது. பள்ளிகளின் பெயர் அதில் அடிபடுவதில்லை. அடிபட வழியும் இல்லை. நம் பள்ளி அணிகள் குறுவட்டம், மாவட்டம் என்று அட்டவணையில் விழுந்த எதிரணியோடு, வேலை நாள் பகலில், வேறெங்கோ ஆடுகின்றன. பெற்றவர்களே போகமுடியாது.

ஆவடி, அம்பத்தூர் பக்கம் தொழிற்சாலை வேலைக்கு வந்து குடியேறியவர்களுக்கு ஊர்ப் பாசம் எப்படி வரும் என்பது கொஞ்சம் வலுவான மறுப்பு. ஆனால் டெக்சாஸின் ஒடெஸாவும் எண்ணெய் வேலைக்கு வந்தவர்களால் பெருத்த ஊர்தான். அங்கே பள்ளி ஆட்டங்களுக்கான அரங்கில் 17,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஆவடியும் அம்பத்தூரும் ஊருக்கொரு பள்ளியைத் தேர்ந்து, பொங்கலையொட்டி ஒரு ஞாயிறு மாலையைக் குறித்து, பத்து வருஷம் மாற்றாமல் ஆடிப் பார்க்கட்டும்.