மலர் மருந்துக்குக் கடன் கேட்டால்...



சில மாதம் முன்பு பேரணாம்பட்டு பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வாங்கி முடித்து உள்கடன் பேச்சு வந்தது. ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் ஒரு உறுப்பினர் ரூ.2,000 கேட்டார். எதுக்கும்மா என்று ஊக்குநர் கேட்டதும் கொஞ்சம் தயங்கி, "மலர் மருந்துக்குக்கா. அம்மா போனதுலேர்ந்து மனசே சரியில்ல, தூக்கம் வரமாட்டேங்குது" என்றார். ஒருவர் "பூவுல மருந்தா?" என்று சிரித்தார். இன்னொருவர், "சிரிக்காதீங்க, எங்க நாத்தனாருக்குக் கேட்டுச்சு" என்றார். எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். எங்களுக்கும் அன்று அரைகுறையாகத்தான் தெரியும். அடுத்த கூட்டத்துக்குப் படித்துக்கொண்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். அப்படிப் படித்ததைத்தான் இந்த மாதப் பாடமாகத் தருகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மலர் மருந்து என்பது அத்தர் இல்லை, வாசனை எண்ணெயும் இல்லை. அதில் பூவின் மணமே இருக்காது. இதை உண்டாக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர் எட்வர்டு பாக் (1886–1936). லண்டனில் நல்ல பெயரோடு இருந்தவர், 1930-ல் அந்தத் தொழிலை விட்டுவிட்டுக் கிராமப்புறத்துக்குப் போய்ச் செடிகளைத் தேடினார். நோயை விட நோயாளியின் மனநிலையைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். மொத்தம் 38 மருந்துகள் சொன்னார். அதில் ஒன்று பூவே இல்லை, வெறும் ஊற்றுத் தண்ணீர்!

செய்முறை எளிது. கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றுத் தண்ணீர் விட்டு, அதன் மேல் பூக்களை மிதக்கவிட்டு, மூன்று மணி நேரம் வெயிலில் வைப்பார்கள். மற்றச் செடிகளை அரை மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். பிறகு பூவை எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீருக்குச் சம அளவு பிராந்தி சேர்ப்பார்கள். அதிலிருந்து இரண்டு சொட்டு எடுத்து 30 மில்லி பிராந்தியில் விடுவார்கள். அதிலிருந்தும் இரண்டு சொட்டு எடுத்து இன்னொரு பாட்டில் தண்ணீரில் விட்டு, நாலு சொட்டு வீதம் ஒரு நாளைக்கு நாலு வேளை. நம் ஊரில் பெரும்பாலும் ஹோமியோபதி மாதிரி சர்க்கரை உருண்டையில் நனைத்துத் தருகிறார்கள். இவ்வளவு தூரம் வரும்போது பூவின் சத்து என்று சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை.

38-ம் பெரும்பாலும் அந்த ஊர்ச் செடிகள். ஆனால் பொறுமை இல்லாதவர்களுக்கு என்று பாக் சொன்ன இம்பேஷன்ஸ், இமயமலையிலிருந்து அங்கே போனது. நம் வீட்டு வாசலில் பூக்கும் காசித்தும்பைக்கு உறவு. காய் முற்றினால் தொட்டதும் பட்டென்று வெடிக்குமே, அதே குடும்பம்தான்.

எங்களுக்குப் பிடித்தது மருந்தை விட அந்தப் பட்டியல்தான். பயம் என்று ஒரே வார்த்தையில் விடாமல், காரணம் தெரிந்த பயம் வேறு, காரணமே தெரியாமல் வயிற்றைப் பிசையும் பயம் வேறு என்று பிரிக்கிறார். யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர், தன்னைப் பற்றி இல்லாமல் பிள்ளைகளுக்கு என்ன ஆகுமோ என்றே கவலைப்படுகிறவர், செய்யாத தப்புக்கும் தன்னையே குறை சொல்லிக்கொள்கிறவர், உடம்பு கெஞ்சினாலும் நிறுத்தாமல் உழைக்கிறவர் என்று ஒவ்வொரு மனநிலைக்கும் ஒரு செடி.

அடுத்த கூட்டத்தில் செடிப் பெயரை விட்டுவிட்டு மனநிலைகளை மட்டும் வாசித்தோம். கடைசியாகச் சொன்னது வந்ததும் ஏழெட்டுக் கை தூக்கினார்கள். "மெஷின்ல பாபின் சுத்துற மாதிரி ஒரே நினைப்பு சுத்திக்கிட்டே இருக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கும் நிக்காது" என்றார் ஒருவர். அதுவும் பட்டியலில் இருக்கிறது. பத்து வருடமாக ஒரே குழுவில் இருக்கிறவர்கள், இதையெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதே இல்லை.

சரி, சொட்டு வேலை செய்கிறதா? தேர்வு பயம் உள்ள மாணவர்களை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். ஒரு பாதிப் பேருக்கு மலர் மருந்து, மறு பாதிக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெறும் மருந்து. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. இரண்டு பக்கமும் பயம் குறைந்தது, ஆனால் வித்தியாசம் இல்லை. இந்த மாதிரி ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த பேராசிரியர் எட்சார்ட் எர்ன்ஸ்ட், 2002-லும் 2010-லும் இதே முடிவைத்தான் எழுதினார். அந்த நாத்தனாருக்குக் கேட்டது பொய்யா? பொய்யில்லை. ஒருவர் உட்கார வைத்து அரை மணி நேரம் "என்னம்மா உன் கவலை" என்று கேட்டாரே, அதுவே பாதி பாரத்தை இறக்கும். வீட்டில் யார் நம்மை அப்படிக் கேட்கிறார்கள்?

பூவை மனதுக்குத் துணையாக வைத்துக்கொள்ள பாட்டில் வேண்டியதும் இல்லை. புதுச்சேரி ஸ்ரீஅரவிந்தர் ஆசிரமத்து அன்னை (1878–1973) எண்ணூறுக்கும் மேற்பட்ட பூக்களுக்கு ஒவ்வொரு குணத்தைச் சொன்னார். மல்லிகைக்குத் தூய்மை, துளசிக்குப் பக்தி. ஒரு பூவை எடுத்து அந்தக் குணத்தை நினைத்துச் சற்று நேரம் உட்காரலாம். சாயங்காலம் பேசாமல் பூக் கட்டிக்கொண்டிருக்கும்போது மனசு அடங்குவது நமக்கும் தெரிந்ததுதான்.

இனி கவலைப்பட வேண்டிய விஷயத்துக்கு வருகிறோம். கடன் கேட்ட அந்தச் சகோதரியிடம் தனியாகப் பேசியபோதுதான் தெரிந்தது, அவர் மூன்று மாதமாகத் தைராய்டு மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். "இது வேலை செய்யணும்னா மத்ததெல்லாம் நிறுத்தணும்" என்று மருந்து கொடுத்தவர் சொன்னாராம். மலர் மருந்து முறையிலேயே அப்படி ஒரு விதி கிடையாது. தைராய்டு சுரப்பு குறைந்தால் அசதி வரும், மனசும் வாடும். துக்கம் எது, தைராய்டு எது என்று சொட்டு விடுகிறவருக்கு எப்படித் தெரியும்? பிரஷர், சர்க்கரை, வலிப்பு, மனநல மாத்திரைகளை யார் சொன்னாலும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். சொல்யூஷன் வாடையால் தினமும் தலை சுற்றுகிறவருக்கும் பூ பதில் இல்லை. காற்றோட்டம் வேண்டும், பரிசோதனை வேண்டும்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பிராந்தி கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். மார்க்கப்படி அதைத் தொடாத முஸ்லிம் சகோதரிகளிடம் யாரும் இதைச் சொல்வதில்லை. குடியை விட டாக்டரிடம் மாத்திரை சாப்பிடும் கணவருக்குத் தெரியாமல் கொடுக்கவே கூடாது. அந்த வகை மாத்திரைகளில் சிலவற்றோடு துளி மது சேர்ந்தாலும் ஆபத்து.

தூக்கமின்மை, அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் ஒரு நாளும் தள்ளாதீர்கள். 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எப்போதும் கூப்பிடலாம். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவை இது, தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957-லிருந்து நடக்கிறது. அங்கே சேர்ந்தால் வீட்டு ஆள் கூடவே தங்கலாம். பாகாயம் என்றாலே கேலி பேசுகிற பழக்கத்தை மட்டும் நம் குழுக்களாவது விட வேண்டும்.

ரூ.2,000 கடன் பற்றி: குழு அதைக் கொடுக்கவில்லை. பஸ் செலவுக்கும் ஒரு நாள் சம்பள இழப்புக்குமாக ரூ.700 மருத்துவக் கடன் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். பிரதிநிதி கூடவே போனார். டாக்டர் மாத்திரையை மறுபடி தொடங்கி, ஆறு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார். அந்த முறை யார் கூடப் போவது என்று இப்போதே பேசி வைத்திருக்கிறார்கள். அன்று கூட்டத்தில் சிரித்தவர்தான் போகிறார்.