முதல் உலை வைக்கும் முன்

அன்புள்ள சகோதரிக்கு,

கண்டக்குழியில் வீடு வாங்கிய செய்தி மகிழ்ச்சி தந்தது. பழைய சொந்தக்காரர் கேஸ் அடுப்பு, சிலிண்டர், சுவருக்குள் ஓடும் செப்புக் குழாய் எல்லாவற்றையும் விட்டுப் போயிருக்கிறார், பற்றவைத்தால் நன்றாக எரிகிறது, அப்படியே பாவிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். எரிகிறது என்றால் கேஸ் அடுப்புவரை வருகிறது, அவ்வளவுதான். வழியில் எங்கே கசிகிறது என்பதை நெருப்பு காட்டாது.

கண்டக்குழி இருக்கும் கற்பிட்டிக் குடாநாட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே தின்னும் ஊரில், ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப்பையும் ரெகுலேட்டரின் ஸ்பிரிங்கையும் விட்டுவைக்குமா? மேலே பெயின்ட் பூசியிருந்தால் துரு கண்ணுக்கும் தெரியாது. ஹோஸுக்கு 2 வருடம், ரெகுலேட்டருக்கு 5 வருடம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் ஆயுள். கடற்கரையில் அதையும் முழுதாக நம்ப மாட்டேன்.

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்தது நினைவிருக்கும். ஜனாதிபதி நியமித்த குழு, சிலிண்டருக்குள் இருந்த கலவை மாறியதையே முதன்மைக் காரணமாகச் சொன்னது. அந்தப் புரொப்பேன், பியூட்டேன் கலவையில் புரொப்பேனின் பங்கு கூடியிருந்தது. பியூட்டேன் கொதிப்பது ஏறக்குறைய பூச்சியம் பாகை செல்சியஸில். புரொப்பேனோ மறை 42 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் அதன் பங்கு கூடினால் உள்ளே அழுத்தமும் கூடும். அதுவரை தாக்குப்பிடித்த தளர்ந்த இணைப்பு, கூடிய அழுத்தத்தில் கசியத் தொடங்கலாம். சிலிண்டருக்குள் என்ன வருகிறது என்பது நம் கையில் இல்லை. இணைப்புகளாவது நம் கையில் இருக்கட்டும்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை அதிகம் கவலைப்படுத்தியது. முற்றத்தில் மணல் ஏறி, குசினித் தரை பள்ளமாகிவிட்டது என்கிறீர்கள். இந்த கேஸ் காற்றைவிடப் பாரமானது. புரொப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போகாது, தரையில் படுத்துப் பள்ளத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். சோளகக் காற்றுக் காலத்தில் மணலுக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டுச் சமைக்கிறோமே, அதுதான் மிக ஆபத்தான நேரம். உயரத்து ஜன்னல் மட்டும் போதாது. பின்கதவின் அடியில் கம்பிவலை போட்ட துவாரம் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். சிலிண்டரை வெளியே, நிழலில், மேடான இடத்தில் நிமிர்த்தி வையுங்கள்.

சுவர்க் குழாயைக் கைவிடுங்கள். கண்ணால் பார்க்க முடியாத இணைப்பை நான் என் வீட்டில் வைத்திருக்க மாட்டேன். தெரிந்த தொழிலாளியைக் கொண்டு புதிய வழி போட்டு, ஹோஸ், கிளிப், ரெகுலேட்டர் மூன்றையும் மாற்றுங்கள். பிறகு சவர்க்காரத் தண்ணீரை இணைப்புகளில் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது. வாடை வந்தால் சிலிண்டரின் வால்வை மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சுடர் மஞ்சளாகிச் சட்டியில் கரி பிடித்தால் பர்னரைத் துப்புரவாக்க வேண்டும். துருத் தூள் கொட்டினால் அடுப்பையே மாற்றிவிடுங்கள்.

வீட்டின் பின்னாலுள்ள விறகு அடுப்பை இடிக்க வேண்டாம். 2022இல் கேஸுக்கு வரிசையில் நின்ற நாட்களில் தென்னம்மட்டையும் சிரட்டையும்தான் பல வீடுகளில் சோறாக்கின. அந்த விறகு அடுப்பின் புகைபோக்கியை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்