ஏழு நாள் நடைக்கு முன்

ஆம்பூரிலிருந்து சவ்வாது மலையடிவாரம் வரை, ஏழு நாள் வழிகாட்டியுடன் சிற்றூர்களை நடந்து காண விழைவோர் முதலில் பழக்க வேண்டியவை கால்களே. ஆம்பூர் காலணிக்குப் பெயர்பெற்ற ஊர். எனினும், அங்கு வாங்கிய புதுக் காலணியுடன் அன்றே புறப்பட்டால் மிஞ்சுவது கொப்புளம்தான்! இரண்டு வாரமேனும் நாள்தோறும் சிறிது தொலைவு நடந்து, தோல் காலுக்கு இசைந்தபின் செல்வது நலம். கோடையைத் தவிர்த்து மார்கழி, தை மாதங்களைத் தேர்ந்துகொள்ளலாம். காட்டுவழிகளுக்கு வனத்துறையின் இசைவு வேண்டும்.

குடிநீரே பெருங்கவலை. வரைபடத்தில் நீலக்கோடாய் ஓடும் பாலாறு, நேரில் ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே காட்சி தரும். கரையோரக் கிணற்று நீர் தெளிவாகத் தோன்றினும் பருகத்தக்கது என்று நம்பிவிட இயலாது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட முறை பின்தள்ளப்பட்டு, குரோமிய உப்பு முதன்மை பெற்றது. ஆலைக் கழிவுநீர் ஆற்றிலும் நிலத்தடியிலும் கலந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குத் தொடுத்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை, 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் நாட்டின் சட்டத்துள் ஒன்றாக ஏற்றது; தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டமும் விதித்தது. தீர்ப்பு வந்ததும் கிணறுகள் இனித்துவிடுமா? நிலத்தடியில் இறங்கிய உப்பு எளிதில் அகல்வதன்று.

ஆதலால் வழிகாட்டியைத் தேர்கையில், பாதை அறிந்தவரா என்பதோடு, எவ்வூரில் எந்தக் கிணற்று நீரை மக்கள் பருகுகின்றனர் என்பதையும் அறிந்தவரா எனக் கேட்டறிதல் வேண்டும். வழியோரம் மஞ்சளாய்ப் பூத்திருக்கும் ஆவாரஞ்செடியைக் காட்டி, பழைய தொழிலின் கதையையும் அவர் சொல்லக்கூடும். அவர் கைகாட்டும் கிணறு வரும்வரை, தோள்பையில் சுமந்து செல்லும் நீரே துணை.