தேய்மானத்துக்கும் ஒரு உண்டியல்



எங்கள் குழுவில் ஐந்து தையல் மெஷின்கள் ஓடுகின்றன. ஒரு மே மாதம், பள்ளிச் சீருடை ஆர்டர் கையில் இருந்தபோது ஒரு மெஷினில் பெல்ட் அறுந்துவிட்டது. மாற்று பெல்ட் இல்லை. டவுனுக்குப் போய் வாங்கி மாட்ட இரண்டு நாள் ஆயிற்று. பெல்ட் விலை சொற்பம்தான். ஆனால் அந்த அக்காவுக்கு இரண்டு நாள் கூலி போச்சு. ஆர்டர் கொடுத்தவரிடம் பேச்சும் வாங்கினோம்.

அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்து, தேயும் பொருட்களை மூன்றாகப் பிரித்தோம்.

1. கெடும் முன்பே மாற்றுவது: ஊசி. சுமார் எட்டு மணி நேரம் தைத்ததும் மாற்றிவிடுகிறோம். முனை மழுங்கினால் தையல் விட்டு விட்டு விழும், துணியில் இழை இழுக்கும். ஒரு ஊசியை மிச்சம் பிடித்து, ஜாக்கெட் துணிக்கு ஈடு கொடுப்பது லாபமா?

2. வாங்கி வைத்திருந்து, தேய்ந்தது தெரிந்ததும் மாற்றுவது: பெல்ட், பாபின், மோட்டார் கார்பன். பெல்ட்டில் வெடிப்பு தெரிந்தால் அறும்வரை காத்திருக்க வேண்டாம். மோட்டாரில் தீப்பொறி அதிகமானால் முதலில் கார்பனைப் பார்க்கச் சொல்லுங்கள். கார்பன் தேய்ந்ததற்கு மோட்டாரையே மாற்றுவது வீண் செலவு. மெக்கானிக் வரும் நாளில் எல்லா மெஷினையும் காட்டிவிடுங்கள். அவர் வந்து போகும் செலவு ஒன்றுதான்.

3. பணம் சேர்த்து மாற்றுவது: மெஷின். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மெஷின் விலை ரூ.12,000. ஆறு வருஷம் கழித்துப் பழசாக ரூ.1,200-க்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம். மீதி ரூ.10,800-ஐ 72 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் ரூ.150. வருஷத்துக்கு ரூ.1,800.

இப்போது பழைய மெஷினைப் பாருங்கள். ஒரு வருஷத்தில் ரிப்பேர் செலவு ரூ.1,400. நான்கு நாள் ஓடாமல் நின்றதில் போன கூலி ரூ.1,000. மொத்தம் ரூ.2,400. புது மெஷினுக்கு எண்ணெய், சில்லறை ரிப்பேர் என்று ரூ.300 சேர்த்தாலும் ரூ.2,100-தான். அப்படியானால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. கணக்கு இதற்குக் கீழே இருந்தால் ரிப்பேர் பார்த்தே ஓட்டலாம். பழசாகிவிட்டது என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டாம்.

அந்த 150 ரூபாயை லாபம் என்று நினைத்துப் பங்கு பிரித்துவிட்டால், மெஷின் நிற்கும் நாளில் வட்டிக்குத்தான் ஓட வேண்டும். அதனால் தேய்மானப் பணத்துக்கு நோட்டில் தனிப் பக்கம் போட்டுவிட்டோம். மாவு அரைக்கும் கிரைண்டர் வைத்திருக்கும் குழுவுக்கும் இதே கணக்குதான்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்: நம் மெஷின்கள் போன வருஷம் எத்தனை நாள் நின்றன? மாற்று பெல்ட் யார் வீட்டில் இருக்கிறது?