கிராமக் குடும்பத்திற்கு ஏற்ற நாற்சக்கர இயக்க மோட்டார் வண்டி
(தாமிரபரணிப் பள்ளத்தாக்கு விவசாயிகள் கவனிக்க வேண்டியவை)

விவசாயக் குடும்பங்கள் சொந்தமாக மோட்டார் வண்டி வைத்துக்கொள்ளுவது திருநெல்வேலிச் சீமையில் இப்பொழுது அபூர்வமான காரியமன்று. விதை, உரம் ஏற்றிவருவதற்கும், குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்கும், வயதானவர்களைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுவதற்கும் வண்டி ஒன்று வீட்டில் இருப்பது பெரிய சௌகரியமே. ஆனால் அண்மைக் காலத்தில், வண்டி வாங்குவதென்றால் நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியையே வாங்கவேண்டும் என்ற எண்ணம் பலரிடம் பரவிவருகிறது. பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் முதலீடு செய்யும் முன், அவ்வண்டி யாருக்கு உண்மையில் பயன்படும், யாருக்கு வீண் செலவாகும் என்பதை ஆராய்ந்து பார்த்தல் நலம்.

இவ்வகை வண்டி நம் நாட்டுக்குப் புதியதன்று. அமெரிக்க இராணுவத்திற்காக 1941 முதல் வில்லிஸ் கம்பெனியார் ஏராளமாகச் செய்த ஜீப், யுத்தம் முடிந்தபின் உலகெங்கும் தோட்டங்களிலும் பண்ணைகளிலும் வேலைக்கு வந்தது. 1945இல் தொடங்கப்பெற்ற மஹிந்திரா நிறுவனத்தார் அந்த நாற்பதுகளின் இறுதியிலேயே பம்பாயில் ஜீப்புகளைக் கோத்து விற்கத் தொடங்கினர். 1985இல் மாருதி ஜிப்ஸி வந்தது. இன்று குடும்பத்தார் விசாரிக்கும் வண்டிகள் பெரும்பாலும் 2020இல் புதுப்பிக்கப்பெற்ற மஹிந்திரா தார், 2023இல் வெளிவந்த ஐந்து கதவு ஜிம்னி, 2024இல் வந்த தார் ராக்ஸ், ஸ்கார்ப்பியோ-என் ஆகியவையே.

நான்கு சக்கரங்களும் இழுப்பதன் பயன்

நுகத்தின் நடுவே ஏர்க்காலைக் கட்டி இரண்டு காளைகளைப் பூட்டினால், இரண்டும் சமமாக இழுத்தால்தான் ஏர் நேராகச் செல்லும். ஒரு காளை கால் சறுக்கித் தளர்ந்தால், மற்றது எவ்வளவு வலியதாயினும் நுகம் அதன் பக்கம் முன்னே திரும்புமேயன்றி ஏர் நகராது. மோட்டார் வண்டியின் அச்சில் உள்ள டிபரென்ஷியல் என்னும் பற்சக்கரக் கூட்டமும் இந்த நுகத்தைப் போன்றதே. வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட விரைவாகச் சுழலவேண்டியிருப்பதால் அதனை அமைத்திருக்கிறார்கள். ஆயினும் ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பின்றிச் சுழலத் தொடங்கினால், அச்சக்கரத்துக்குக் கிடைக்கும் சிறிய இழுப்பளவே எதிர்ச்சக்கரத்துக்கும் கிடைக்கிறது. இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி ஒரு சக்கரம் சறுக்கினாலே நின்றுபோவதற்குக் காரணம் இதுதான். நாற்சக்கர இயக்கத்தில் மற்றோர் அச்சும் இழுப்பதால் வண்டி வெளியேற வழி பிறக்கிறது.

எனினும் முன்னச்சில் ஒரு சக்கரமும் பின்னச்சில் ஒரு சக்கரமும் ஒரே நேரத்தில் சறுக்கினால் நாற்சக்கர வண்டியும் நிற்கும். குழிகள் குறுக்கும் மறுக்குமாக உள்ள பாதையில் இது அடிக்கடி நேரிடும். இதனைத் தவிர்க்கப் பின்னச்சை இறுகப் பூட்டும் அமைப்பு சில வண்டிகளில் உண்டு. வேறு சிலவற்றில், சறுக்கும் சக்கரத்துக்கு மட்டும் வண்டியே பிரேக் கொடுத்து, இழுப்பை எதிர்ச்சக்கரத்துக்குத் திருப்புகிறது. வாங்குமுன் இவ்விரண்டில் எது உண்டு என்று கேட்டறிய வேண்டும்.

மற்றொரு பொருள் லோ கியர். இரண்டாவது நெம்புகோலைத் தள்ளினால் வேகம் சுமார் பாதியாகக் குறைந்து, சக்கரத்தில் சேரும் பலம் இரண்டு அல்லது இரண்டரை மடங்காகும். சுமையுடன் செங்குத்தான மேட்டில் ஏறுவதைவிட, இறங்குவதற்கே இது மிகவும் பயன்படுகிறது. பிரேக்கைத் தொடாமல் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். மணிமுத்தாற்றுக்கு மேலே மாஞ்சோலை செல்லும் பாதையைப் போன்ற மலைச்சாலைகளில் ஜீப்புகள் நெடுங்காலமாக உழைத்துவந்ததற்கு இந்தக் கியரும் ஒரு காரணம்.

தார், ஜிம்னி போன்றவற்றின் நாற்சக்கர இயக்கம் வேண்டும்போது மட்டும் போட்டுக்கொள்ளுவதற்குரியது. அதனைத் தார்ச்சாலையில் போட்டு ஓட்டலாகாது. வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் செல்லுகின்றன. மண்ணிலும் மணலிலும் சக்கரம் சிறிது வழுக்கி அவ்வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் அதற்கு இடமில்லாமையால் பற்சக்கரங்களும் அச்சுகளும் முறுக்குண்டு கெடும். மழைக்காலம் தொடங்கியது முதல் முடியும்வரை நாற்சக்கரத்திலேயே ஓட்டுவது நல்லதென்று சிலர் நினைப்பது தவறு.

நிலத்துக்கு ஏற்பத் தேர்வு

பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலில் கலக்கும் தாமிரபரணியின் நீளம் சுமார் 128 கிலோமீட்டரே. இச்சிறிய தூரத்துக்குள்ளும் அதன் இருபுறத்திலும் மண் பலவாறாக மாறுகிறது. அம்பாசமுத்திரம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை அணைக்கட்டுகளின் கீழுள்ள நஞ்சை ஊர்களுக்குப் பெரும்பாலும் தார்ச்சாலை அமைந்துவிட்டது. அங்கே சங்கடமான இடம் கடைசி அரை மைல் வாய்க்கால் கரை மட்டுமே. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஐந்தாறு ஏக்கர் நெல்லும் வாழையும் பயிரிடும் குடும்பத்தை எடுத்துக்கொண்டால், பிசான நடவு நடைபெறும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அக்கரையில் மோட்டார் வண்டியை ஓட்டாதிருப்பதே விவேகம். நனைந்த கரையில் கனமான வண்டி ஓடினால் தடம் பள்ளமாகி, அடுத்த வெள்ளத்தில் அவ்விடத்திலேயே கரை உடையும். உடைந்த கரையால் கீழ்மடைக்காரர்கள் அனைவருக்கும் நஷ்டம். கரைவரை காரில் சென்று, பிறகு சைக்கிளிலோ நடந்தோ வயலுக்குப் போவதால் எந்தக் குறைவும் இல்லை. தொளி கலக்கிய வயலில் இறங்குவதற்கு எந்த ஜீப்பும் உதவாது. அது இரும்புக் கூண்டுச் சக்கரம் பூட்டிய டிராக்டரின் வேலை. ஆகவே இவ்வூர்களில் தரையிலிருந்து சற்று உயர்ந்த சாதாரண வண்டியே போதும் என்று தயக்கமின்றிக் கூறலாம்.

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் நிலைமை வேறு. அங்கே நாற்சக்கர இயக்கத்தைவிட டயரின் பள்ளங்களே முக்கியம். ஈரக் கரிசல் டயரில் அப்பிப் பள்ளங்களை நிரப்பிவிட்டால், டயர் வழுவழுப்பான உருளையாகிறது. நான்கு உருளைகளும் சுழலுமேயன்றி வண்டி நகராது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே மண் இறுகிச் சக்கரமே நின்றுபோவதும் உண்டு. அகன்ற, ஆழமான பள்ளமுள்ள டயர் சுழலும்போது மண்ணை உதறிவிடும். ஆனால் அது தார்ச்சாலையில் இரைச்சலிடும், விரைவில் தேயும், ஈரச்சாலையில் பிரேக் பிடிப்பும் குறையும். மழை ஓய்ந்து மேல்மண் சற்று இறுகும்வரை பொறுத்திருப்பதே கரிசல்காட்டில் மிகச் சிக்கனமான உபாயம். நாற்சக்கர வண்டி புதையும்போது மற்ற வண்டியைவிட உள்ளே சென்று புதைகிறது என்பதை அனுபவசாலிகள் அறிவார்கள்.

திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பகுதிகளின் தேரி மணலில்தான் இவ்வண்டி தன் விலைக்கு ஈடு செய்கிறது. பனங்காட்டுக்கும் முருங்கைத் தோட்டத்துக்கும் நாள்தோறும் மணலில் போகவேண்டியவர்கள் இதனை வாங்கலாம். அங்கே டயரின் காற்றைச் சுமார் 18 முதல் 20 பவுண்டு வரை குறைத்தால் டயர் பரந்து, மணலை அழுத்தாமல் மேலே மிதந்து செல்லும். திடீரென்று பிரேக் போடுவதும், நின்ற இடத்தில் சக்கரத்தை வேகமாகச் சுழற்றுவதும் கூடா. சாலைக்கு வந்தவுடன் பழைய அளவுக்குக் காற்று அடிக்கவேண்டும். குறைந்த காற்றுடன் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும். காற்றடிக்கும் சிறு பம்பும் அளவு பார்க்கும் கருவியும் வண்டியிலேயே இருக்கவேண்டும். கடற்காற்று படும் ஊர்களில் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவுவதும் அவசியம்.

மலையடிவாரத் தோட்டங்களிலும் எஸ்டேட்டுகளிலும் வசிப்போருக்கு லோ கியர் உள்ள வண்டி தேவையே. அதைப்பற்றி விவாதம் வேண்டியதில்லை.

குடும்பத்துக்கு ஏற்றதா?

வண்டியின் பலத்தைப் பார்ப்பவர்கள் அதில் ஏறப்போகிறவர்களைப் பார்ப்பதில்லை. மூன்று கதவுத் தாரில் பின்னிருக்கைக்குச் செல்ல முன்னிருக்கையை மடக்கி ஏறவேண்டும். முழங்கால் வலியுள்ள பாட்டியாருக்கு இது இயலாது. ஆஸ்பத்திரிக்குப் போகும் அவசர நாளில் இக்குறை நன்கு தெரியும். ஜிம்னிக்கு நான்கு பக்கக் கதவுகள் உண்டு. அகலமும் 1,645 மில்லிமீட்டரே ஆதலால் அக்கிரகாரச் சந்திலும் குறுகிய கரையிலும் திரும்ப எளிது. எடையும் சுமார் 1,200 கிலோவே. ஆனால் நால்வருக்குமேல் அமர இடமில்லை. எல்லா இருக்கைகளிலும் ஆள் அமர்ந்தால் சாமான் வைக்கும் இடமும் சிறிது. தாரின் அகலம் 1,820 மில்லிமீட்டர். ராக்ஸும் ஸ்கார்ப்பியோ-என்னும் இடவசதி மிக்கவை. அவ்வளவுக்கு அகலமும் விலையும் அதிகம். ஏழுபேர் அமரும் பொலீரோவைக் கிராமங்களில் எங்கும் காணலாம். இப்பொழுது விற்கும் அக்குடும்ப வண்டி பின்சக்கர இயக்கமுடையதே, ஆயினும் பெரும்பாலான நஞ்சை ஊர்களுக்கு அது போதுமானது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். தார், ராக்ஸ், ஸ்கார்ப்பியோ-என் ஆகிய பெயர்களிலேயே பின்சக்கர இயக்க வண்டிகளும் விற்கப்படுகின்றன. தோற்றத்தில் வேற்றுமை மிகக் குறைவு. பெயரையும் உயரத்தையும் கண்டு முன்பணம் கட்டிவிடாமல், நாற்சக்கர இயக்கத்துக்கும் லோ கியருக்கும் உரிய நெம்புகோலோ விசையோ உள்ளே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, ரசீதிலும் எழுதி வாங்கவேண்டும்.

செலவைக் கணக்கிடுங்கால், மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் குடும்பம் ஒன்றைக் கொள்ளலாம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கும் சிறு காருக்கு 56 லிட்டர் வேண்டும்; 12 கிலோமீட்டர் கொடுக்கும் கனமான வண்டிக்கு 83 லிட்டர். எரிபொருள் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்கு வித்தியாசம் சுமார் 33,000 ரூபாய். நெல் குவிண்டால் 2,500 ரூபாய் என்றால், இது 13 குவிண்டால் நெல்லின் விலை. டயர், இன்ஷூரன்ஸ் ஆகியவற்றின் அதிகச் செலவு இதில் சேரவில்லை.

பழைய ஜீப்புகள் மலிவாகக் கிடைக்கலாம். பின்னால் பக்கவாட்டில் எதிரெதிராக அமரும் பெஞ்சு உள்ளவற்றில் குழந்தைகளை ஏற்றுவது தகாது. மோதும்போது அவர்களைத் தாங்க எதுவும் இல்லை. பதிவுப் புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக எஞ்சினையோ உடலையோ மாற்றிய வண்டி சட்டத்துக்குப் புறம்பானது. இன்ஷூரன்ஸ் கம்பெனியார் நஷ்டஈட்டை மறுக்கவும் இடமுண்டு.

வெள்ளமும் தரைப்பாலமும்

நாற்சக்கர வண்டி வாங்குவோரில் பலர் மனத்தில் இருப்பது 2023ஆம் வருஷ வெள்ளம். அவ்வாண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது; ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் பிரயாணிகளுடன் ரயிலே நின்றுவிட்டது. அத்தகைய நாளில் தம் வண்டி குடும்பத்தைக் காப்பாற்றும் என்று நம்புவது பெரும் அபாயம்.

தார் 650 மில்லிமீட்டர் ஆழமுள்ள தண்ணீரில் செல்லும் என்று செய்தவர்கள் கூறுவது, அசையாது நிற்கும் தண்ணீருக்கும் கெட்டியான தரைக்கும் மெதுவான ஓட்டத்துக்கும் உரிய அளவு. ஓடும் நீரின் கணக்கு வேறு. 1,200 கிலோ எடையுள்ள வண்டி 1,200 லிட்டர் தண்ணீரை விலக்கியதும் மிதக்கத் தொடங்கும். அடித்தளத்தின் பரப்பு 5 சதுர மீட்டர் என்றால், தளத்துக்குமேல் 24 சென்டிமீட்டர் நீர் சூழ்ந்தாலே போதும். மிதப்பதற்கு முன்னரே எடை குறையக் குறையச் சக்கரத்தின் பிடிப்பும் குறைகிறது. பிடிப்பு இல்லாத இடத்தில் இரண்டு சக்கரம் இழுத்தாலும் நான்கு இழுத்தாலும் ஒன்றே. நீரின் வேகம் இரு மடங்கானால் அது பக்கவாட்டில் தள்ளும் வலி நான்கு மடங்காகும். ஓர் அடி ஆழமுள்ள ஓட்டமே சிறு கார்களை நகர்த்தும். இரண்டு அடி ஓட்டம் பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லும். சிற்றாறு, பச்சையாறு, கடனா நதி ஆகியவற்றின் தரைப்பாலங்களில், மலையில் பெய்த மழையால் சமவெளியில் வெயில் காயும்போதே நீர் உயரக்கூடும். பாலத்தின் விளிம்புக் கல் கண்ணுக்குத் தெரியாவிட்டால் வண்டியை இறக்கக்கூடாது. கலங்கல் நீருக்கு அடியில் பாலம் இருக்கிறதா, அரித்துப்போயிற்றா என்று மேலிருந்து அறிய வழியில்லை.

தேங்கிய நீரில் சென்றுவந்த வண்டியை அன்றே சில முறை மெதுவாகப் பிரேக் பிடித்து ஓட்டி, பிரேக்கை உலர்த்தவேண்டும். மறுநாள் டிபரென்ஷியல் எண்ணெயைப் பார்க்கச் சொல்லவேண்டும். மோர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அறிந்து உடனே மாற்றவேண்டும். மழையில்லாத மாதங்களிலும் மாதம் ஒரு முறை மண்பாதையில் சிறிது தூரம் நாற்சக்கரத்தில் ஓட்டுவது, முன்னச்சுப் பற்சக்கரங்களில் எண்ணெய் பரவுவதற்கும் நெம்புகோல் இறுகிப்போகாமல் இருப்பதற்கும் உதவும்.

வாங்குமுன் வண்டியை ஷோரூம் வாசலில் மட்டும் ஓட்டிப் பார்த்தல் போதாது. வீட்டில் உள்ள அனைவரையும் ஏற்றி, தம் ஊர்த் தெருவில் திருப்பி, வீட்டு வாசலில் நிறுத்தி, வயதானவர்களை இரண்டு முறை ஏறி இறங்கச் சொல்லிப் பார்க்கவேண்டும். ஒரு வருஷத்தில் எத்தனை நாட்கள் தம் பாதையில் சாதாரணக் கார் நின்றுபோயிற்று என்பதையும் எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும். அந்த எண்ணிக்கை பத்துக்குக் குறைவாயிருந்தால், அந்நாட்களுக்கு ஊரிலுள்ள டிராக்டரை வாடகைக்கு அமர்த்துவதே மலிவு.